அண்ணைக்கு முன்னால் குடிக்காத மனிதர்

என் கணவர் குடிக்கமாட்டார். அதாவது, தன் அண்ணைக்கு முன்னால் குடிக்கமாட்டார். எங்கள் வீடு பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில். சனிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டு, அலுமாரிக்கு மேலே சூட்கேசுக்குப் பின்னால் இருக்கிற போத்தலை எடுப்பார். அந்த நேரம் பார்த்து, "தம்பி, லா சப்பலுக்குச் சாமான் வாங்க வந்தனான், கீழ நிக்கிறன்" என்று அண்ணையின் போன் வந்தால் போதும். கிளாஸ் தொட்டிக்குள் போகும். ஜன்னல் திறக்கும். வாய்க்குள் ரெண்டு ஏலக்காய் போகும். அண்ணை மாடியேறி வரும்போது இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார்.

அண்ணையும் லேசுப்பட்டவர் இல்லை. பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் அவருடைய கட்டடத்துக்குக் கீழே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாக நிலவறைகள் இருக்கின்றன. காவ் என்பார்கள். நாங்கள் விருந்துக்குப் போனால் அவர் வெங்காயம் எடுக்க அங்கே இறங்குவார். ஒரு மாலைக்குள் நாலு தடவை இறங்குவார். ஒரு வெங்காயமும் மேலே வந்ததை நான் கண்டதில்லை. வரவர முகம் மட்டும் சிவந்துகொண்டு போகும்.

தம்பி குடிப்பது அண்ணைக்குத் தெரியும். அண்ணை குடிப்பது தம்பிக்குத் தெரியும். பிள்ளைகள் பெற்று, தலை நரைத்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் எடுத்த பிறகும் இந்த நாடகம் ஓயவில்லை. இதற்குப் பெயர் மரியாதையாம். ஆரம்பத்தில் நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுக்கு ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் எபினேயில் ஒரு சின்ன அறை எடுத்துத் தனியாகப் போய்விட்டாள். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டாள். வந்தால் எல்லோரும் சுற்றி நின்று எப்ப கலியாணம், ஏன் தலைமயிரை வெட்டினனீ என்று குடைவார்கள். அவளிலும் பிழை சொல்ல முடியாது. போன் எடுத்தால் நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் ஒரு சொல்லில் பதில் சொல்லி வைத்துவிடுவாள். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படிப்பட்டவள் தகப்பனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போவோம் என்று தானாகக் கேட்டாள். பாரிசுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், பழைய பண்ணை ஒன்றில் விஸ்கி வடிக்கிறார்கள். சுற்றிப் பார்த்து, கடைசியில் ருசியும் பார்க்கலாம். அப்பாவுக்குப் பிடித்தது என்னவென்று யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்த பரிசு அது. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் சேர்த்தே பதிந்துவிட்டாள்.

"ஐயோ, பெரியப்பா எதுக்கு?" என்றேன்.

"அப்பாவுக்கு அண்ணைதானே. சந்தோசப்படுவார்," என்றாள்.

பெரியப்பா வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறவள், இந்த நாடகத்தைக் கண்டதேயில்லை. விஷயத்தைச் சொன்னேன். நம்பமாட்டேன் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஐம்பது வயது மனிதர் யாருக்காவது ஒளித்துக் குடிப்பாரா என்று கேட்டாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை காலம். அதைக் கெடுக்க மனமில்லாமல் ஓம் என்றேன். அந்த ஒரு நாள் நல்லபடியாக முடிந்தால் போதும், பிறகு இடைக்கிடையாவது எங்களோடு ஒரு மேசையில் வந்து இருப்பாள் என்று மட்டும் நினைத்தேன்.

அண்ணையின் காரில் ஐந்து பேரும் போனோம். அக்காதான், அதாவது அண்ணையின் மனைவிதான், ஓட்டினார். வடிசாலைக்குள் கால் வைத்ததும் புளித்த தோசை மா மணம் முகத்தில் அடித்தது. சுற்றிக்காட்டிய பெட்டை நல்ல கலகலப்பானவள். பார்லியை ஊறவைத்து முளைக்கவிடுவது, புளிக்க வைப்பது, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற செப்புப் பானைகளில் காய்ச்சுவது எல்லாம் விளக்கினாள். மகள் வரிக்கு வரி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். தமிழில்! சொல் வராத இடத்தில் கையால் காட்டினாள். பீப்பாய்க்குள் கிடக்கும்போது வருசா வருசம் கொஞ்சம் ஆவியாகிப் போகுமாம், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம். "எங்கட காவிலயும் ஒரு தேவதை இருக்கு," என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சகோதரர்கள் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு நின்றார்கள்.

கடைசியில் ருசி பார்க்கிற அறை. நீண்ட மேசையில் வேறு குடும்பங்களும் இருந்தன. பெட்டை ஆளுக்கொரு கிளாஸ் வைத்து அடியில் கொஞ்சமாக ஊற்றினாள். கார் ஓட்டப்போகிற அக்காவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சின்னக் குப்பி கொடுத்தாள். அண்ணை தன் கிளாசை ஒரு விரலால் தள்ளிவைத்தார்.

"நாங்கள் இதுகள் பாவிக்கிறேல்லை."

"ஓம், ஓம்," என்றார் என் கணவர் அவசர அவசரமாக. "எனக்கும் பழக்கமில்லை."

மகள் தகப்பனைப் பார்த்தாள். பகிடி விடுகிறார் என்றே நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டு தன் கிளாசைத் தூக்கி, "அப்பா, பிறந்தநாள் வாழ்த்துகள்," என்றாள். மேசையில் இருந்த வேற்று மனிதர்கள்கூட அவருக்குக் கிளாசைத் தூக்கினார்கள். அவள் ஒரு வாய் குடித்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அண்ணை தம்பியின் பக்கம் திரும்பினார். "உன்ர பிள்ளையின்ர வளர்ப்பைப் பாத்தியே?"

என் கணவர் எழும்பினார். மகளின் கையிலிருந்த கிளாசைப் பறித்தார். ருசி பார்த்ததைத் துப்புவதற்கென்று வைத்திருந்த வாளிக்குள் அதைக் கவிழ்த்தார். "ஆர் உனக்கு இதைப் பழக்கினது? எங்கட குடும்பத்தில ஆருக்கும் இந்தப் பழக்கமில்லை!" என்று கத்தினார். தமிழில் கத்தியது காணாதென்று, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சிலும் சொன்னார். மகளின் முகத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. கோபப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எதற்காக இது என்று விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

சொந்தப் பிள்ளையைச் சபையில் வைத்து அவமானப்படுத்தி, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஒளிக்கிறான் ஒரு மனிதன்!

"அண்ணை," என்றேன். கலியாணமாகி வந்த நாளிலிருந்து என் கணவர் அழைப்பதுபோலத்தான் நானும் அழைப்பேன். "உங்கட தம்பி சனிக்குச் சனி குடிக்கிறவர். போத்தல் அலுமாரிக்கு மேல, சூட்கேசுக்குப் பின்னால கிடக்கு. நீங்கள் காவுக்குள்ள போறதும் வெங்காயத்துக்கில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். உங்கட ரெண்டு பேரின்ர மரியாதைக்கு என்ர பிள்ளைதானோ கிடைச்சவள்?"

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பூமி வெடிக்கும் என்று நினைத்தேன். அண்ணை தம்பியிடம் கேட்டார்.

"நீ எந்த பிராண்ட் எடுக்கிறனீ?"

தம்பி மெல்லச் சொன்னார். "அது தலையிடிக்குமடா," என்றார் அண்ணை. தள்ளிவைத்த கிளாஸ் திரும்பி வந்தது. இவரும் தன்னுடையதை எடுத்தார். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று எல்லாவற்றையும் இருவரும் மூக்கில் வைத்து மணந்து மணந்து குடித்தார்கள். எனக்கு ஊற்றியதையும் குடித்தார்கள். வெளியேறும்போது கடையில் ஒரு போத்தல் வாங்கினார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு படமும் எடுத்தார்கள். நான் மகளுக்காக வாயைத் திறந்தேன், லாபம் இந்த இருவருக்கும் போனது.

மகள் முற்றத்தில் காரோடு சாய்ந்து நின்றாள். போய் அவளுடைய கையைப் பிடித்தேன். விடச் சொன்னாள், பிரெஞ்சில். திரும்பி வரும் வழி முழுக்க முன் சீற்றிலிருந்து அண்ணையும் பின் சீற்றிலிருந்து இவரும் ஊரில் இருந்த காலத்துக் களவுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் இவருக்கும் நடுவில் அவள் ஜன்னலால் வெளியேகூடப் பார்க்க முடியாமல் மடியில் கைவைத்தபடி இருந்தாள். லா சப்பல் வந்ததும் நான் இறங்கி வழிவிட, அவள் மெட்ரோவுக்குள் போய்விட்டாள். இவர் அவள் இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அண்ணை எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒளிப்பு மறைப்பு ஒன்றுமில்லை. போத்தல் நடு மேசையில் இருக்கிறது. "அந்தப் பிள்ளையாலதான் எங்களுக்கு இந்தச் சந்தோசம்," என்று அண்ணை கிளாசைத் தூக்கிச் சொல்வார். அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் எடுத்து அதைச் சொல்ல ஒருவருக்கும் விரல் எழும்பவில்லை. அவள் என் போனையும் எடுப்பதில்லை.

"ஒருக்கால் எடுத்து, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ," என்று இவரிடம் எத்தனை தரம் சொன்னேன்.

"நான் தகப்பன். தகப்பன் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிறதோ?"

போன ஞாயிறு மத்தியானம் நான் அடுப்படியில் ஆட்டிறைச்சி பிரட்டிக்கொண்டிருந்தேன், இவர்கள் குடிக்கும்போது கொறிக்க. உள்ளேயிருந்து இவருடைய குரல் கேட்டது. "இஞ்சேரும், பிள்ளையைக் கேளும், இன்னொருக்கால் அங்கை போக ரிக்கற் போடட்டாம். இந்த முறை அண்ணையும் நானும் வடிவா ருசி பாப்பம்."

அடுப்பை நிறுத்தினேன். சட்டியில் இருந்ததை வழித்து ஒரு பெட்டிக்குள் போட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். "இறைச்சி எங்க?" என்று அண்ணை கேட்டது கதவைச் சாத்தும்போது கேட்டது. "போய் வெங்காயம் கடியுங்கோ," என்று படியில் இறங்கும்போதே சத்தமாகச் சொன்னேன். அவர்களுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

எபினேயில் அவளுடைய கதவைத் தட்டினேன். திறந்தவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள்.

"அப்பா அனுப்பினவரோ?" என்று தமிழில் கேட்டாள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அன்றைக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும். அதற்குத்தான் காத்து நின்றாள். நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்தது.

"இல்லை," என்றேன். "அவர் அண்ணையோட இருந்து குடிக்கிறார்."