காலையில் மட்டும் இறுகும் ஸ்டியரிங்

கறுப்பு ரப்பர் உறை போட்ட அந்தச் சிறிய ஸ்டியரிங் சக்கரம் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் இடது பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்திருக்கும். படகை ஓட்டியவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் எப்போதும் இடது கையால்தான் பிடிப்பார். வலது கை சிகரெட்டுக்கு. ஒரு நாள் காலை அவர் இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கத் திருப்பிக்கொண்டிருந்ததைப் படகுத்துறைப் பலகையில் நின்று பார்த்தேன். சக்கரம் அசைய மறுத்தது. எனக்கு அப்போது இரக்கம் தோன்றவில்லை. இந்த மனுஷன் நடிக்கிறார் என்றுதான் தோன்றியது.

மலேசியாவில், எண்பதுகளின் நடுப்பகுதி அது. பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறியையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் உழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, தொழிற்கல்லூரிக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கியவன் நான் ஒருவன்தான். படகுத்துறையின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறையில் எனக்கு ஒரு மேசை இருந்தது. மேசைமேல் ஜெட் படகின் கையேடு இருந்தது. அதை நான் படித்திருந்தேன், வேறு யாரும் படிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்னால் ஒரு குழாய் வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த வாய் இடமும் வலமும் திரும்பினால் படகும் திரும்பும். சக்கரத்துக்கும் அந்த வாய்க்கும் நடுவே, தரைப் பலகைக்குக் கீழே, ஒரு நீளமான கேபிள் ஓடும்; உறைக்குள் நகரும் அதன் இரும்புத் தண்டுதான் அந்த வாயைத் தள்ளித் திருப்பும். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றுக் கரையோரம் போகத் தவுக்கே ஆசையாக வாங்கிய படகு. அண்ணனுக்கோ அதைப் பிடிக்கவே இல்லை. பதினெட்டு வருடம் பழைய மரப் படகை ஓட்டியவர் அவர். புதுப் படகை முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "என்னா இது? பின்னாடி தண்ணி துப்புது. வெத்தல போட்ட கிழவி மாதிரி!"

படகுத்துறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை மனதில் குறித்துவைத்துக்கொண்டேன். ஏனென்றால், புதுப் படகு நன்றாக ஓடினால் பழைய மரப் படகை விற்றுவிட்டு இன்னொரு ஜெட் படகு வாங்குவதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். இந்தப் படகு கெட்டுப்போனால் யாருக்கு லாபம் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

ஆயுத பூஜை கழிந்த மறு வாரம் அண்ணன் பட்டறைக்கு வந்தார். "தம்பி, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. வந்து பாரு." கையில் வேறு வேலை இருந்தது. மத்தியானம் போய்ச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். லேசான இழுப்பு இருந்தது, அவ்வளவுதான். ஒரு விரலால் திருப்பலாம். "நல்லாத்தானே இருக்குண்ணே?" என்றேன். "காலையில பாரு தம்பி, காலையில!" என்றார். மறுநாள் காலை நான் வருவதற்குள் அவர் கிளம்பிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது சக்கரம் மறுபடியும் இளகியிருந்தது. அவர் சொன்னபோதெல்லாம் இறுக்கம், நான் தொட்டபோதெல்லாம் இளக்கம். இப்படி நாலைந்து முறை நடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நான் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், படகின் பின்பக்கப் பலகையை எப்போது திறக்கிறார், மரப் படகின் இஞ்சின்காரரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார் என்றெல்லாம் எழுதினேன். அவர்கள் இருவரும் கோப்பிக் கடையில் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வந்தால் பேச்சு நிற்கும். "வாங்க இஞ்சினியர் சார், புத்தகத்துல இன்னிக்கி என்னா போட்டிருக்கு?" என்பார் அண்ணன். இஞ்சின்காரர் தேநீர்க் கோப்பைக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் தேதி போட்டு எழுதினேன்.

செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமலும் இல்லை. கேபிளைப் பின்பக்கத்தில் கழற்றிவிட்டு, குழாய் வாயைக் கையால் அசைத்தேன். எளிதாக ஆடியது. அப்படியானால் குற்றம் அங்கே இல்லை. சக்கரத்தின் பக்கமும் கழற்றினேன். சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. மிச்சம் இருந்தது கேபிள் மட்டும்தான். அதை முழுதாக உருவி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கையேடு சொன்னது. அதற்கு அரை நாள் ஆகும், படகு சும்மா நிற்கவேண்டும், தவுக்கே முகம் சுளிப்பார். அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது நங்கூரச் சங்கிலி. பின்பலகைக்குக் கீழே, கேபிள் வளையும் இடத்தின் மேலேயே, சுருட்டிப் போடப்பட்டிருந்தது. அங்கே அதைப் போடுபவர் அண்ணன் ஒருவர்தான். எனக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது. கேபிள் உறையின் முனையில் கிரீஸை அடித்து ஏற்றிவிட்டு, சங்கிலியை நோட்டில் வரைந்துகொண்டேன். கேபிளை உருவவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை முதல் ஓட்டத்திலேயே, படகு ஒரு கப்பலின் ஏணியில் மோதியது. ஏறக் காத்திருந்த பிலிப்பினோ மாலுமி ஒருவனின் மணிக்கட்டு முறிந்தது. "திருப்புறேன், திரும்பல, நான் என்னா செய்றது?" என்று அண்ணன் கரையில் நின்று கத்தினார். அந்தக் கத்தலையும் நான் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். தவுக்கே என்னைக் கூப்பிட்டு, நடந்தது என்ன, யார் தப்பு என்று ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். காப்புறுதிக் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டுமாம். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படகோட்டி கனமான சங்கிலியைக் கேபிள்மேல் போட்டதே காரணம் என்றும், அது கவனக்குறைவாக இல்லாமல் வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம் என்றும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து.

மத்தியானம்தான் கேபிளை உருவினேன். இனி படகு எப்படியும் நிற்கத்தானே போகிறது. அண்ணன் கூப்பிடாமலே வந்து எதிரே குந்தி, டார்ச் அடித்தார். உறையின் பின்முனையிலிருந்து இரும்புத் தண்டை இழுத்தபோது அது முனகிக்கொண்டே வந்தது. தண்டைச் சுற்றி, கிரீஸோடு குழைந்து, மஞ்சள் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. துணியால் வழித்தேன். களிமண்போல் கட்டிகட்டியாக வந்தது. அப்புறம்தான் அந்த மணம் எழுந்தது. டீசலையும் உப்பையும் தாண்டி, தெளிவாக, சந்தன மணம்.

அண்ணன் மூக்கைச் சுருக்கினார். "எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சு இந்த போட்டு?"

எனக்குக் காது சுட்டது. ஆயுத பூஜை அன்று எல்லாரும் சக்கரத்துக்கும் இஞ்சின் மூடிக்கும் பொட்டு வைத்துவிட்டு வாழைப்பழம் சாப்பிடப் போனபோது, நான் மட்டும் பின்பலகையைத் திறந்தேன். சக்கரம் வெறும் கைப்பிடி, படகை உண்மையில் திருப்புவது இந்தத் தண்டுதான் என்று கையேட்டில் படித்திருந்தேனே. பினாங்கு ஸ்ட்ரீட் கடையில் வாங்கிய சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, தண்டு முழுக்கத் தடவி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் சக்கரம் திரும்பத் திரும்ப, தண்டு அந்தச் சந்தனத்தை உறைக்குள் இழுத்துக்கொண்டது. இரவெல்லாம் உலர்ந்து இறுகும். இஞ்சின் சூடு ஏறியதும் இளகும். நான் அடித்த கிரீஸ் அதை இன்னும் உள்ளே தள்ளியிருந்தது.

"நாந்தாண்ணே. பூஜை அன்னிக்கி."

அண்ணன் என்னையும் துணியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நான் பேய்னு நெனச்சேன் தம்பி! என் பொண்டாட்டி மந்திரிச்ச கயிறுகூட கட்டி விட்டா. பாரு!" என்று மணிக்கட்டைக் காட்டினார். காலையில் தவுக்கே மேசைக்குப் போய்ச் சேர்ந்த காகிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

துணியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். மலாயில் தவுக்கேயிடம் விளக்கினேன்: பூஜை நாளில் யாரோ வைத்த சந்தனம் உள்ளே போய்விட்டது, சங்கிலி காரணம் இல்லை. ஆம், 'யாரோ' என்றுதான் சொன்னேன். தவுக்கே துணியை முகர்ந்து பார்த்தார். "யாரோ என்றால் யார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஒரு கணம் தாமதித்தேன். என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த ஒரு கணத்துக்குள் அது என் கண்முன் வந்து போனது. பிறகுதான் "நான்" என்றேன்.

அந்தத் தாமதத்தை அவர் கவனித்துவிட்டார். நாற்பது வருடமாக வியாபாரம் செய்யும் மனிதர் வேறு எதைக் கவனிப்பார்? "காலையில் அவன் செய்தான் என்று எழுதினாய். இப்போது நீ செய்தாய் என்கிறாய். நாளைக்கு உங்கள் சாமி செய்தது என்பாயா?" என்று சிரித்தார். "அவன் உன் ஆள். அழுதிருப்பான். உனக்கு மனசு இளகிவிட்டது. நல்ல பையன். போய் வேலையைப் பார்." என் காகிதம் ஏற்கெனவே காப்புறுதிக் கம்பெனிக்குப் போய்விட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தொலைபேசியை எடுத்தார். பொய்யை எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன், உண்மைக்கு ஐந்து நிமிடம்கூடப் போராடவில்லை.

நான்கு நாள் கழித்து அண்ணன் ஒரு நீளமான உறையோடு பட்டறைக்கு வந்தார். ஆங்கிலக் கடிதம். "ஆபீஸ்ல குடுத்தாங்க. கணக்கெழுதுற கிராணி படிச்சுச் சொல்லமாட்டேங்கிறான், கண்ணத் தாழ்த்திக்கிறான். நீ படி தம்பி."

படித்தேன். இந்த மாதத்தோடு வேலை இல்லை என்பதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர், "ஏனாம்?" என்றார். இரண்டாவது பத்தி முழுக்க என் சொற்கள். நான் எழுதிய அதே வரிசையில், அதே காற்புள்ளியோடு. ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். 'வேண்டுமென்றே' என்ற இடத்தில் என் குரல் உள்ளே போனது. அவர் விடவில்லை. "சரியா காதுல விழல. திருப்பிச் சொல்லு." திருப்பிச் சொன்னேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"கேபிள உருவிப் பாத்துட்டா எழுதுன?"

"இல்லண்ணே."

அவர் கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, உறைக்குள் போட்டார். படகின் பக்கம் திரும்பினார். "இப்ப லேசா திரும்புதுல்ல?" என்றார். "திரும்புதுண்ணே" என்றேன். போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள். அதற்குப்பின் ஒரு வருடம்கூட அங்கே இருக்க முடியவில்லை.

சென்ற மாதம் செபராங் ஜெயா பாசார் சந்தையில், கீரைக் கடை முன்னால், என் தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம். கூட அவருடைய மனைவி, கையில் கூடையோடு. நான் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்காமல் மீன் கடைப் பக்கம் பார்த்தேன். அண்ணன் என் தோளிலிருந்து கையை எடுக்காமலே அவரிடம் சொன்னார்: "தெரியுதா? அன்னிக்கி எனக்கு லெட்டர் படிச்சுக் காட்டுச்சே, அந்தத் தம்பி."

"அப்படியா, நல்லா இருக்கியாப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். என்ன கதையைக் கேட்டு வைத்திருக்கிறார் என்று அந்தக் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு இந்த முறை எனக்கு எந்த அர்த்தமும் புலப்படவில்லை. "நல்லா இருக்கேன்க்கா" என்றேன். அவர்கள் வாங்கிய கீரையை வேன் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு போனேன்.