அண்ணனுக்க முன்வாசல்

எங்க அண்ணன் வீட்டுக்குப் பொறத்தால ஒரு நீலக் கதவு உண்டு. கதவுன்னு சும்மா சொல்லுதேன், அது எங்க வள்ளத்துப் பலகை. சுனாமி வள்ளத்தையும் கடலோரத்து வீட்டையும் கொண்டு போயிட்டு, அந்தப் பலகைய மட்டும் தென்னந்தோப்புல எறிஞ்சிட்டுப் போச்சு. மூணாங்கிளாசுல என்னையும் பள்ளிக்கூடம் அப்பிடித்தான் எறிஞ்சுது.

கடலுக்கு ரெண்டு மைல் தள்ளி, சுனாமி காலனியில வீடு தந்தாவ. நல்ல கான்கிரீட்டு வீடு. ஆனா வாசல் ரோட்டப் பாத்து. எங்க பழைய வீட்டு வாசல் கடலப் பாத்துத்தான் நிக்கும். காலைல எந்திச்சா கடலப் பாத்து சிலுவை வரைஞ்சு, காத்து எந்தப் பக்கம்னு பாத்த பொறவுதான் அண்ணன் பொண்டாட்டி மொகத்தையே, அதான் எங்க மைனி மொகத்தையே பாப்பாரு. அண்ணன் ஒரு மாசம் பொறுத்தாரு. பொறவு சம்மட்டிய எடுத்து பின்சுவர ஒடச்சு, அந்த நீலப் பலகையக் கதவா மாட்டினாரு. நான் ஒரு கை குடுக்கல. குத்த வச்சிருந்து சிரிச்சேன்.

"எண்ணே, எந்தக் கடலப் பாக்கப் போற? வாழத்தோட்டமில்லா தெரியுது!"

"ஏலே கோமாளி, தெரியாட்டா என்னல, காத்து வருமில்லா? இனி இதாம்ல எனக்கு முன்வாசல்."

நான் பொறவு கல்ஃபுக்குப் போனேன். அங்க கக்கூஸ் கழுவுத வேல. ஊர்ல 'கம்பெனி'ன்னு சொல்லியிருந்தேன். ஏழெட்டு வருசம் கழிஞ்சு அண்ணன் நெஞ்சுவலியில கட்டில்ல கெடந்தாரு. போன்ல, "எப்பம்ல வாற மக்கா?"ன்னு கேட்டாரு. எனக்கு அழுக முட்டிட்டு. அத மறைக்க ஒரு நக்கல் விட்டேன்: "கப்பல்ல வாறேண்ணே. உனக்க முன்வாசல்லதான் எறங்குவேன், தொறந்து வை." சிரிச்சாரு. சிரிச்சதுல இருமல் வந்து, மைனி போன வாங்கிட்டாவ.

அதுக்குப் பொறவு அந்தக் கதவ அடைக்க விடலயாம். மழ பெஞ்சு கட்டில் நனஞ்சப்பமும், "அவன் அந்த வழியா வாறேன்னு சொல்லியிருக்கான், கெடக்கட்டும்"னாராம். ஊர்ல ஒருத்தனும் நம்பாத என் வாயை அவரு ஒருத்தருதான் நம்பினாரு.

லீவு கெடச்சு நான் வந்து சேரும்போ அண்ணன அடக்கி நாலு நாளு. ரோட்டு வாசல்ல எல்லாரும் நின்னு அழுதாவ. நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு, வாழையெலைய வெலக்கி, வீட்டச் சுத்திப் போனேன். நீலக் கதவு தொறந்துதான் கெடந்து. "எண்ணே, எறங்கிட்டேன்"னேன். கோமாளின்னு ஏச ஆளில்ல.

திரும்பப் போகல. மைனி மக வீட்டோட போயிட்டாவ. அந்த வீட்டுல இப்பம் நாந்தான். வாழத்தோட்டம் போயி மாடிவீடு வந்துட்டு, காத்தும் சரியா வராது. காலைல எந்திச்சதும் நீலக் கதவத் தொறக்குதேன். எதுத்த வீட்டுக்காரி பல்லு தேச்சிக்கிட்டு நிக்கா. அவளப் பாத்து நான் சிலுவை வரையுதேன்னு அவளுக்குக் கோவம். அவளுக்குப் பின்னால ரெண்டு மைல்லதான் கடலப் பாத்து எங்க பழைய வீடு நின்னுதுன்னு அவகிட்ட எப்பிடிச் சொல்ல?