மாற்றுச் சேலை

நாற்பதுகளின் தொடக்கம். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். கன்னியர் மடத்தில் சேர்ந்து துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுத்த கையோடு, தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். கடலோரக் கீழவைப்பாரில் புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க, என்னையும் ஒரு மூத்த சகோதரியையும் அனுப்பினார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ் நின்றுபோயிருந்ததால் வள்ளத்தில் போனோம்.

கரை நெருங்கியதும் மூத்த சகோதரியை முதலில் இறக்கிவிட்டார்கள். அடுத்து நான். ஒரு காலை எடுத்து வெளியே வைத்திருப்பேன், பின்னால் வந்த அலை வள்ளத்தையே புரட்டிவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கெங்கே அது தெரிந்தது? கணுக்கால் வரைக்குமான அங்கி நனைந்து கல்லாகக் கனத்தது. எழுந்தால் அடுத்த அலை சாய்த்தது. வாயெல்லாம் உப்பும் மணலும்.

யாரோ என் முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். முக்காடு கழன்று அவர்கள் கையோடு போய்விட்டது. ஒட்ட வெட்டிய என் தலையை ஊரே பார்க்கிறதே என்று, அந்த நிலையிலும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன்!

"ஏளா, தலைய விட்டுட்டு கையக் குடுளா!"

கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா. அப்படியே கடலுக்குள் ஓடிவந்திருந்தார். என்னை வாரித் தூக்கி, தன் முந்தானையால் என் தலையை மூடி, தன்னுடைய ஓலை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குள் வந்ததும் அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"பதட்டத்துல ஏளான்னு கூப்பிட்டுட்டேன் மதர், மனசுல வச்சுக்கிடாதீங்க."

எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மூத்த சகோதரி பிள்ளைகளை ஒன்றுகூட்டக் கோவிலுக்குப் போய்விட்டார். அக்கா ஒரு நீலச் சேலையை எடுத்து எனக்குக் கொடுத்தார். என் அங்கியையும், கரையில் கொண்டுவந்து கொடுத்த முக்காட்டையும் பிழிந்து கொடியில் போட்டார். அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஓலைத் தட்டிக்குப் பின்னால் போனவர், திரும்பி வரவில்லை.

நான் அடுப்போரம் உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். சேலை முழுக்க ஒட்டுத் தையல். மீன் வாடை வேறு. இந்தக் கோலத்தில் யாரும் பார்ப்பதற்குள் அங்கி காய்ந்துவிட வேண்டுமே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

கோவில் மணி அடித்தது.

"அக்கா, வாங்க, சேர்ந்தே போவோம்" என்றேன்.

"நீங்க போங்க மதர், நான் பொறவு வாரேன்."

குரல் நடுங்கியது. என்னவோ ஏதோ என்று எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

கடலுக்குள் வந்த அதே சேலையோடு, ஈரம் சொட்டச் சொட்ட, மூலையில் குந்தியிருந்தார். பழந்துணி. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தோளிலிருந்த கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார்.

"மாத்துச்சேலை அது ஒண்ணுதான் மதர். சண்டை வந்த பொறவு துணி எங்கன கெடைக்கி?" என்றார், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல.

ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள் நான். மடத்தில் என் அலமாரியில் வெளுத்துத் தேய்த்த அங்கிகள் அடுக்கி இருந்தன. அந்த அக்காவின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு ஈர அங்கியையும் முக்காட்டையும் எடுத்து மாட்டினேன்.

"காய்ச்ச வந்துரும் மதர், வேண்டாம்" என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. அவர் உடுத்திக்கொண்டு வந்ததும் இரண்டு பேரும் கோவிலுக்குப் போனோம். அன்று பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது நினைவில்லை.

ஊர் திரும்பியதும் மடத்துத் தலைவியிடம் கேட்டு ஒரு சேலை அனுப்பினேன். அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டதாக வள்ளக்காரர் வந்து சொன்னார். என் மனசு ஆறவில்லை. கடலில் விழுந்த கதையை மடத்தில் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஓலைத் தட்டிக்குப் பின்னால் பார்த்ததை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகள் தங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, "எல்லாத்தையும் துறந்துட்டு வந்தவங்க இவங்க" என்று என்னைக் காட்டும்போது, எதைத் துறந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இன்றைக்கும் தலை குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.