ஜெர்சி காளைகளோடு பயணம் செய்த கட்டி

1. பாதி ஃபார்மலினில்

‘‘அண்ணே, ஃபார்மலின்ல போட்டுடாதீங்க. வெட்டி எடுத்ததும் அப்படியே என் கையில குடுங்க.’’

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தியேட்டர் வாசலில் நின்று நான் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தியேட்டர் உதவியாளர் அந்தோணி அண்ணன். இருபது வருட சர்வீஸ்காரர். ‘‘தெரியும்மா, நீ டென்சன் ஆவாத’’ என்றார்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். ஒரு கையில் பாட்டில், அதில் கட்டியின் பாதி ஃபார்மலினில் மிதந்தது. இன்னொரு கையில் ஈரத் துணி, அதில் மீதிப் பாதி.

‘‘அண்ணே!’’

‘‘பாதிதாம்மா போட்டேன். எல்லாத்தயும் சும்மா வுட்டா கெட்டுப் பூடும்ல? ஒனக்காவத்தான் போட்டேன்.’’

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெட்டி எடுத்த எதையும் ஃபார்மலினில் போடுவதுதான் எந்த தியேட்டரிலும் வழக்கம். எங்கள் வேலைதான் அதற்கு நேர் எதிர். நாங்கள் வைத்திருந்த ஆன்டிபாடி ஃபார்மலின் பட்ட திசுவில் ஒட்டவே ஒட்டாது. பச்சையாக, உறைய வைத்து எடுத்துப்போனால்தான் உண்டு.

நான் அப்போது சென்னையில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியன். பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் நைனார்பாளையம். ‘‘உங்க ஊர்ப் பக்கம்தானே, போயிட்டு வந்துடு’’ என்று சீஃப் அனுப்பிவிட்டார். எங்கள் லேபில் எல்லா அலைச்சலும் இப்படித்தான் முடிவாகும்.

வேலை என்னவென்றால், சில புற்றுநோய் செல்கள் மருந்துக்கு அடங்காது. அவற்றின் சவ்வில் ஒரு புரோட்டீன் பம்ப் மாதிரி உட்கார்ந்துகொண்டு, உள்ளே போன மருந்தை வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்ப் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதை மட்டுமே தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியைத் திசுவின் மேல் விட வேண்டும். பிறகு கலர் ஏற்றினால், பம்ப் இருக்கிற இடம் பிரவுனாகத் தெரியும். அந்த ஆன்டிபாடி வெளிநாட்டு லேப் ஒன்று எங்களுக்குக் கொடுத்தது. ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பி, உள்ளே சில சொட்டு. சீஃப் அதைத் தாலியைவிட பத்திரமாக வைத்திருந்தார்.

கட்டி பொன்னம்மாளுடையது. கல்வராயன் மலைக்காரர், வயது நாற்பது இருக்கும். கழுத்தில் நெறிக்கட்டிப் புற்று. சென்னையில் ‘சிவப்பு ஊசி’ என்கிற புற்று மருந்தைப் போட்டார்கள். கட்டி கரைந்தது, பிறகு திரும்ப வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கார்டில் ஆறு முத்திரை, அதாவது ஆறு ஊசி முடிந்ததாகக் கணக்கு. ஆறுக்கு மேல் போனால் இதயத்துக்கு ஆபத்து. ஆகவே சென்னை டாக்டர் சொன்னது இதுதான்: பம்ப் இருந்தால் இன்னும் ஊசி போட்டுப் பயனில்லை, வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இல்லையென்றால் துணிந்து இன்னும் ஒன்றிரண்டு போட்டுப் பார்க்கலாம்.

பொன்னம்மாள் சென்னைக்கு வரவே மாட்டேன் என்றதால்தான் கள்ளக்குறிச்சியில் கட்டியை எடுத்தார்கள். ஏன் வரமாட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

2. மாட்டாஸ்பத்திரி

ஐஸ் போட்ட பிளாஸ்கில் கட்டியை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு பஸ்கூட இல்லை. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் ஆரம்பித்திருந்தது. எந்தத் திசையில் போனாலும் ரோட்டில் புளியமரம் வெட்டிச் சாய்த்திருக்கிறது என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டால், ‘‘அது யாருக்குத் தெரியும்?’’ என்றார் டைம் கீப்பர், ஏதோ நான்தான் மரத்தை வெட்டிய மாதிரி முறைத்துக்கொண்டு.

மரம் விழுந்ததில் கரண்ட் கம்பியும் அறுந்துபோய், ஊரில் கரண்ட் இல்லை. ஐஸ் கம்பெனிக்குப் போனேன். கம்பெனிக்காரன் பால் ஐஸ் அச்சில் உறையாமல் கிடந்த பாலைத் தெருப் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். என் பிளாஸ்கில் பாதி தண்ணீர். இன்னும் சில மணி நேரம் போனால் செல்கள் அழுக ஆரம்பிக்கும். பொன்னம்மாளின் கழுத்தை இரண்டாம் முறை யார் அறுப்பது? அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் பசு ஞாபகத்துக்கு வந்தது. பசுவுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கேனைத் திறப்பார், வெள்ளையாகப் புகை வரும். அது திரவ நைட்ரஜன். கரண்டும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

மாட்டாஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளர் கோதண்டம் தனியாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்தே நின்றுவிட்டார்.

‘‘இன்னாங்கமா வெளயாடுறீங்களா? இது மாட்டாஸ்பத்திரி. மனுசன் சதைய இதுல போட்டேன்னு தெரிஞ்சா எனக்கு வேல இருக்குமா?’’

‘‘சார், அலுமினியத் தாள்ல சுத்தி நூல் கட்டிடுறேன். எதிலயும் படாது.’’

‘‘உள்ள ஜெர்சி காளை சரக்கு இருக்குது. நைட்ரஜனே கம்மியா இருக்குது. ரோடு தொறந்தாத்தான் அடுத்த லோடு வரும். நீங்க தொறந்து தொறந்து மூடுனா எல்லாம் பூடும். நாளைக்கு மாட்ட ஓட்டிக்கினு வர்றவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?’’

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ‘‘ஒரே தடவை திறந்தா போதும் சார். மலையிலேருந்து வந்த அந்தம்மா பிழைக்கிறதும் பிழைக்காததும் இதுலதான் இருக்கு’’ என்றேன்.

கேன் மூடியில் கையை வைத்தார். ‘‘மலைக்காரங்களா?’’ என்றார். பிறகு அவரே மூடியைத் திறந்தார்.

‘‘எந்தக் காளைன்னு யாருனா கேட்டா?’’

‘‘பொன்னம்மான்னு சொல்லுங்க.’’

முதல் தடவையாகச் சிரித்தார்.

ரோடு திறக்கும்வரை நர்ஸ்கள் குவாட்டர்ஸில் தங்கினேன். தினமும் போய் கேன் மூடியைப் பார்த்துவிட்டு வருவேன். ‘‘தொறக்க மாட்டேன், பார்த்துட்டுப் போங்க’’ என்பார் கோதண்டம். கடைசியில், கிராமத்துக்கு எடுத்துப்போகிற சின்ன கேனில் கட்டியை மாற்றி, ஜெர்சி விந்து அடைத்த நாலு குழாயும் உள்ளேயே இருக்க, என்னிடம் கொடுத்தார். அவற்றைத் தனியாக எடுக்க நேரமில்லை. ‘‘கேனு திரும்பி வரணும்’’ என்று நாலு தடவை சொன்னார்.

வழியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, கேனைத் திற என்றார். வேண்டாம் சார் என்றேன். திறந்தார். புகை முகத்தில் அடித்ததும் பின்னால் குதித்தார். ‘‘இன்னாமா இது?’’ என்றார். ‘‘காளை சார்’’ என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. இப்படி உளுந்தூர்பேட்டை போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை திறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நானே மூடியைப் பிடுங்கி அடைத்தேன்.

3. பிரவுன்

கட்டி பத்திரமாக லேபுக்கு வந்தது. ஆனால் அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு பெரிய விருந்தாளி லேபைப் பார்க்க வருகிறார். அதற்குள் ஸ்லைடு வேண்டும் என்றார் சீஃப்.

‘‘சார், பிளாக்கிங்குக்கே அரை மணி நேரம் ஆகும்.’’

‘‘அதை ஸ்கிப் பண்ணு.’’

திசுவில் இயற்கையாகவே இருக்கிற ஒரு என்சைமும் அதே பிரவுன் கலரைக் கொடுக்கும். அதை முதலில் அடக்குவதுதான் பிளாக்கிங். அடக்காவிட்டால் ஆன்டிபாடி ஒட்டினதா, என்சைமா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். சொன்னேன். கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கிற கன்ட்ரோல் ஸ்லைடும் வேண்டாம், திசு வீண் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு, ஆன்டிபாடி விடாமல் ஒரு ஸ்லைடைச் சேர்த்தே போட்டேன்.

பத்தே முக்காலுக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்த சீஃப் மேஜையைத் தட்டினார். ‘‘பாத்தியா ஸ்டெல்லா! பாசிட்டிவ். எழுது ரிப்போர்ட்டை.’’

நான் கன்ட்ரோல் ஸ்லைடை வைத்தேன். ஆன்டிபாடியே விடாத ஸ்லைடு. அதுவும் பிரவுன்.

‘‘சார், இதுவும் பாசிட்டிவா?’’

‘‘அதெல்லாம் பேக்ரவுண்ட். நீ எழுது.’’

‘‘எழுத மாட்டேன் சார். இதை எழுதினா அந்தம்மாவை மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.’’

விருந்தாளி படியேறி வரும் சத்தம் கேட்டதால் சண்டை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு மூன்று நாள் சீஃப் என்னிடம் பேசவில்லை. மிச்சமிருந்த துளித் திசுவை வைத்து, ஒரு ஸ்டெப்பும் விடாமல் திரும்பச் செய்தேன். பம்ப் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த வேறு செல்களைப் பூசிய ஸ்லைடு அழகாகப் பிரவுன் ஆனது. ஆன்டிபாடி விடாதது சுத்தம். பொன்னம்மாளின் ஸ்லைடும் சுத்தம். பம்ப் இல்லை.

சீஃப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ‘‘அப்ப ஏன் திரும்பி வந்தது?’’ என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

4. கேன் திரும்பியது

ரிப்போர்ட்டோடு கேனையும் நானே எடுத்துப்போனேன். கோதண்டம் முதலில் கேனைத்தான் பார்த்தார். ‘‘உள்ள சரக்கு?’’ என்றார். ‘‘நாலும் இருக்கு சார்’’ என்றேன். அப்புறம்தான், ‘‘அந்தம்மா இன்னா ஆனாங்க?’’ என்று கேட்டார்.

பொன்னம்மாள் கச்சிராயபாளையத்தில் தம்பி வீட்டில் இருந்தார். தம்பி கரும்பு வெட்டுகிறவர். டவுன் பஸ் பிடித்துப் போய், நல்ல செய்தி, ஊசி கேட்கும் என்று சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

‘‘மறுபடியும் மெட்ராசுக்கா, டாக்டரம்மா?’’

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு, ‘‘ஆறு தடவை வந்துட்டீங்க, இன்னும் ரெண்டு தடவைதானே’’ என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

‘‘நான் எங்க ஆறு தபா போனேன்? மூணு தபாதான். மூணாவது தபா ஊசி போட்டுக்கினு வர்றேன், பஸ்சுல வாந்தி. கண்டக்டரு நடுவழியில எறக்கி வுட்டுட்டாரு. எல்லாரும் பாக்குறாங்க. அதோட நான் போவல.’’

‘‘கார்டுல முத்திரை இருக்கே?’’

தம்பி வாய் திறந்தார். ‘‘முத்திரை வாங்கலன்னா கார்டு செத்துடும்னு சொன்னாங்க. நான் போய் வரிசையில நின்னு குத்திக்கினு, மாத்திரைய வாங்கிக்கினு வந்துடுவேன். ஊசி ரூமு அதுக்கு அப்பாலதான. அங்க நான் போவல.’’

வெளிநோயாளி கவுன்டரில் குத்திய முத்திரையை டாக்டர்கள் ஊசிக் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்து தோற்கவில்லை. மருந்து முழுதாக உள்ளேயே போகவில்லை. வெளிநாட்டு ஆன்டிபாடி, மாட்டு நைட்ரஜன், சீஃபோடு சண்டை, இவ்வளவும் எதற்கு? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

‘‘முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?’’ என்று கத்தியேவிட்டேன்.

பொன்னம்மாள் கழுத்துத் தையலைத் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: ‘‘இத்தினி பேரு வந்தீங்க. கழுத்த அறுத்து எடுத்துக்கினு போனீங்க. நீ எத்தினி ஊசி போட்டுக்கின, ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கலியேம்மா.’’

சென்னை டாக்டரிடம் சொன்னேன். மிச்ச மூன்று ஊசியைக் கள்ளக்குறிச்சியிலேயே போட ஏற்பாடு செய்தார். கழுத்தில் மிச்சமிருந்த நெறிக்கட்டிகளும் கரைந்தன. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. அந்தோணி அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், அந்தம்மா சந்தைக்குத் தேன் கொண்டு வந்திருந்ததாகச் சொல்லுவார்.

லேபுக்குத் திரும்பியதும் எங்கள் சாம்பிள் ஃபாரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘எத்தனை ஊசி உடம்பில் ஏறியது? நோயாளியிடமே கேட்டு எழுதவும்.’ ‘‘இது லேப் ஃபாரமா, வீட்டு விசாரணையா?’’ என்று சீஃப் எரிந்து விழுந்தார். ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களிடம் இரண்டு விஷயம்தான் சொல்வேன். கன்ட்ரோல் ஸ்லைடை யார் சொன்னாலும் விடாதீர்கள். அதற்கும் முன்னால், கட்டி யாருடையதோ அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு ஆன்டிபாடி தேவையில்லை. நான் அப்படிப் போய்க் கேட்காமல்தான் அவர் கழுத்திலிருந்து எடுத்ததைக் கேனில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன்.