ஏரிக்குள் கேட்ட ஏழுமலை அண்ணன் குரல்

சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், இதைச் சொல்லும்போது நானே பாதியில் சிரித்துவிடுவேன். ஆனால் பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடிக்கிற ஆள் நான். செய்கிற வேலையும் அப்படி. ஒரு பல்கலைக்கழகத்தின் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் கருவிகளைப் பழுது பார்க்கிற டெக்னீசியன். விநோதமாக ஒரு சத்தம் வந்தால் ஒயரைப் பார்ப்பேன், பிளக்கைப் பார்ப்பேன், சாமி படத்தைப் பார்க்க மாட்டேன். சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம் பெருநகர். நெல் வயலில் வளர்ந்த செல்வி கப்பலில் போய் என்ன கிழிக்கிறாள் என்று ஊரில் இன்றைக்கும் கேலி உண்டு.

கப்பலில் ஹைட்ரோபோன் என்று ஒன்று இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், தண்ணீருக்குள் இறக்குகிற மைக், அவ்வளவுதான். திமிங்கலம் பாடுவதைக்கூடக் கேட்கலாம். அது கெட்டுப்போய் நான் சரிசெய்திருந்தேன். நீண்ட பயணம் கிளம்புவதற்குள் அதைச் சோதித்தாக வேண்டும், ஆனால் துறைமுகத்துப் பக்கம் இறக்கினால் எல்லாப் படகின் இன்ஜினும் காதைப் பிளக்கும். மழை பெய்து எங்கள் உத்திரமேரூர் ஏரி நிரம்பியிருக்கிறது, அமைதியான தண்ணீர், அங்கே இறக்கிப் பார்க்கலாம் என்றேன். ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியரும் சரி என்றுவிட்டார். கப்பல் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க, நானும் கூட வேலை செய்கிற ஜோசப்பும் கருவியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

நல்ல பகல், வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மரகதம் அக்கா எங்களைப் பார்த்ததும் வந்துவிட்டார்.

"இன்னா கண்ணு, ஒயரு போட்டு மீன் புடிக்கிறீங்களா?"

"மீன் புடிக்கல அக்கா, மீன் பேசறத ஒட்டுக் கேக்கறோம்."

"அப்போ எனுக்கும் குடு. எங்கூட்டுக்காரரு பேசறதுக்கு மீனு பேசறது தேவலாம்."

ஜோசப் சிரித்துக்கொண்டே ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான். நம்புங்கள் நம்பாமல் போங்கள், முதலில் கேட்டது அவர்தான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றவர் முகம் மாறிவிட்டது.

"யாரோ கதவத் தட்டிக்கினு கீறாங்க கண்ணு."

தவளையாக இருக்கும், இல்லாவிட்டால் ஒயர் கல்லில் இடிக்கும் என்று நினைத்து வாங்கி என் காதில் வைத்தேன். டங், டங் என்று இரும்புக் கதவைக் கரண்டியால் அடிக்கிற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"டேய், யார்னா தொறங்கடா! வெறைக்குதுடா சாமி! அடுப்புல வெங்காயம் கருகுதுடா!"

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் கப்பல் சமையல்காரர் ஏழுமலை அண்ணன். அவரும் பெருநகர்க்காரர்தான், கப்பலில் எங்கள் ஊர்ப் பேச்சு பேச எனக்கு இருந்த ஒரே துணை. அவர் குரல் எப்படி இந்த ஏரிக்குள் வரும்? நடுவில் எத்தனை ஊர், எத்தனை வயல், எத்தனை டோல்கேட்! ஜோசப்பிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "ஏதோ போன் சிக்னல் கலந்திருக்கு செல்வி" என்றான், ஆனால் அவன் குரலே சரியில்லை.

இரும்புக் கதவு, விறைக்கிற குளிர் என்றால் கப்பலில் மீனை ஐஸில் வைக்கிற கோல்டு ரூம்தான். போனை எடுத்துக் கப்பலில் இருந்த சீஃப் ஆபீசரைக் கூப்பிட்டேன். எல்லோரும் மேல்தளத்தில் புதுக் கருவி ஒன்றைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரே இரைச்சல்.

"சார், ஏழுமலை அண்ணன் எங்க?"

"கீழ சமையல் பண்றாரு. ஏன்?"

"கோல்டு ரூம்ல மாட்டிக்கினு இருக்காரு சார். உடனே போய்ப் பாருங்க."

"நீ உத்திரமேரூர்லதான இருக்க? உனக்கு யார் சொன்னா?"

ஏரி சொன்னது என்றா சொல்வது? "கெஞ்சிக் கேக்கறேன் சார், போய்ப் பாத்துட்டுத் திட்டுங்க" என்றேன். திட்டிக்கொண்டேதான் போனார். போன் கட்டாகவில்லை, அவர் படியிறங்குகிற சத்தம், அப்புறம் "என்ன இது, ஒரே புகை" என்று யாரோ கத்துவது, பிறகு ஒரு கதவை நெம்புகிற சத்தம். மரகதம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், ஆடுகள் யாருடைய நெல்லை மேய்கின்றன என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. பல் தந்தியடிக்க ஏழுமலை அண்ணன் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி எனக்கே போனில் கேட்டது.

"வெங்காயத்த யார்னா கெளறினீங்களா இல்லியா?"

ஏரிக்கரையில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். மரகதம் அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். மீன் எடுக்க உள்ளே போனவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டதாம், உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். ஜோசப்பின் போன் சிக்னல் கதையும் அன்றே முடிந்தது, அண்ணனின் போன் சமையல் மேடையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. மைக்கைத் திரும்ப ஏரியில் இறக்கினோம். தவளைச் சத்தம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தால் விடமாட்டார், வறுத்த மீனில் பெரிய துண்டு எனக்குத்தான். பேராசிரியர் ஏதேதோ விளக்கம் சொல்லிப் பார்த்தார், பிறகு அவரே தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிட்டார். எனக்கும் விளக்கம் வேண்டாம், ஆள் பிழைத்தாரே, அது போதும்.

ஒன்றே ஒன்றைத் தவிர. இதை ஜோசப்பிடம்கூடச் சொன்னதில்லை. ஹெட்போன் என் காதில் இருந்தபோது, அண்ணன் கத்தி ஓய்ந்ததும், அவர் பக்கத்திலேயே இன்னொரு குரல் கேட்டது. ஒரு பெண்ணின் குரல், பதறாமல், பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி.

"இரு நைனா. அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டேன். வந்துருவாங்க."

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"உள்ள உங்ககூட யார்னா இருந்தாங்களாண்ணே?"

"இருந்துச்சே, ஐஸ்ல வெச்ச வஞ்சிரம்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தக் கப்பலில் வேலை செய்கிற ஒரே பெண் நான்தான். அந்தக் குரல் 'அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டேன்' என்றபோது, நான் ஏரியில் கேட்டுக்கொண்டிருப்பது கப்பலில் ஒருவருக்கும் தெரியாது, நான் இன்னும் போனைக் கையில்கூட எடுத்திருக்கவில்லை.