இனிஷியல் மாறிய பெண்ணின் பழைய அட்டை

முடிச்சூர் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நுழைந்ததும் பதிவு கவுண்டர். பன்னிரண்டு வருஷமாக என் இடம் அதுதான். படிப்பு எட்டாவது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வேலை கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எல்லாம் அட்டைதான். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. பெயர், இனிஷியல், அப்பா அல்லது புருஷன் பெயர், தெரு, போன். யாருக்காவது ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். டாக்டர் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தை. அது அவர் கண்ணில் படாமல் போனால் உயிர் போகலாம். சரியான ஆளின் அட்டை சரியான நேரத்தில் டாக்டர் மேஜைக்குப் போக வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

பெண்கள் வந்தால் ஒரு கேள்வி கேட்பேன். "கல்யாணத்துக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?" யாரும் சொல்லித் தந்த கேள்வி இல்லை. கல்யாணம் ஆனால் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வரும். வீடு மாறும். போனும் மாறும். ஆள் அதே ஆள். ஒத்துக்கொள்ளாத மருந்து அப்போதும் ஒத்துக்கொள்ளாது. வந்திருக்கிறேன் என்றால் பழைய அட்டையைத் தேடி எடுத்து, புதியதோடு சேர்த்துப் பின் அடித்துவிடுவேன்.

பிறகு சாஃப்ட்வேர் போட்டார்கள். சிறுசேரியில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு சார் வந்தார். நாற்பது வயது இருக்கும். முன்பு இன்ஜினியரிங் காலேஜில் பத்து வருஷம் டேட்டாபேஸ் பாடம் எடுத்தவர். தகவலைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது, எந்தப் பெட்டியை எதோடு இணைப்பது என்று முடிவு செய்வது, அதுதான் பாடமாம். கவுண்டரில் ஒரு தாளை விரித்து வரைந்து காட்டினார்.

"காலேஜ்ல நாங்க போடுற முதல் கணக்கே ஆஸ்பத்திரிதான்க்கா. டாக்டர் ஒரு பெட்டி, பேஷண்ட் ஒரு பெட்டி, அப்பாயின்ட்மென்ட் ஒரு பெட்டி. நடுவுல ரெண்டு கோடு. தூக்கத்துல கேட்டாக்கூடப் போடுவேன்."

"பேஷண்ட் யாருன்னு அது எப்படி சார் கண்டுபிடிக்கும்?"

"பேரு, இனிஷியல், போன் நம்பர். மூணும் சேர்ந்தா ஒரே ஆள்தான்."

"இனிஷியல் மாறும் சார்."

"அதுக்குத்தான் போன் நம்பர் இருக்கே."

"போனும் மாறும்."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா மாறும்?"

"கல்யாணம்னா அப்படித்தான் சார்."

சிரித்தார். "ஆதார் இருக்குல்லக்கா" என்றார்.

"வலி எடுத்து ஆட்டோவுல வர்றவங்க ஆதாரைத் தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க சார்."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. மேனேஜரைப் பார்க்கப் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

அட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். சிவப்பு மையில் இருந்ததும் ஏறியது. அட்டைகளை மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டோம். சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப்போவார் என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். நிறைமாசம், வலி எடுத்துவிட்டது. கூட அவள் அம்மா. முடிச்சூரில் பழைய குடும்பம். பெண்ணை மேடவாக்கம் பக்கம் கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவம் என்று முந்தின நாள்தான் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

பெயரைப் புருஷன் இனிஷியலோடு சொன்னாள். புருஷன் நம்பரைக் கொடுத்தாள். தட்டினேன். பழைய பதிவு இல்லை, புதிய நோயாளி என்று வந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற கட்டத்தில் 'இல்லை' என்று தானாகவே நின்றது. நான் அதில் கை வைக்கவில்லை. மாடியில் நர்ஸ் பார்க்கும் திரையிலும் அதேதான் தெரியும்.

என் கேள்வியைக் கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க பொண்ணுக்கு இன்னா வியாதி கீது? ஒண்ணியும் இல்ல. சீக்கிரம் எய்தும்மா நீ, அது துடிச்சிகினு கீது."

லிஃப்டுக்குள் தள்ளும்போது அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். "காலேஜ் படிக்கறப்ப காய்ச்சல்னு ஒரு தடவை வந்தேன்க்கா."

அப்பா இனிஷியலைப் போட்டுத் தட்டினேன். கம்ப்யூட்டர் போன் நம்பர் கேட்டது. அம்மாவிடம் பழைய நம்பர் கேட்டேன். "அந்த போனு வெள்ளத்துலயே போச்சு" என்றார்.

எழுந்து மாடிப்படிக்கு அடியில் போனேன். மூட்டைகளைத் தெருவாரியாகக் கட்டியது நான்தான். அவர்கள் தெரு மூன்றாவது மூட்டை. அட்டை அதில் இருந்தது. கீழ் ஓரம் வெள்ளத்தில் ஊறிப் பழுப்பாகியிருந்தது. மேல் ஓரத்தில் சிவப்பு. என் கையெழுத்து.

லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியேறினேன். வார்டு வாசலில் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, "இன்னாக்கா, வூடு பத்திக்கினு எரியற மாரி ஓடியாற?" என்றாள். ஈரத் தரையைத் தாண்டிப் போனேன்.

உள்ளே ட்ரேயில் ஊசி தயாராக இருந்தது. அட்டையை டாக்டரிடம் நீட்டினேன். அட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ட்ரேயைப் பார்த்தார்.

"அதை எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். அதே வகை மருந்து. வேற கொண்டு வாங்க."

பிறகு என்னிடம், "இதை எழுதினது யாரு?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

கீழே வந்து உட்கார்ந்தேன். கவுண்டரில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். மதியம் பெண் குழந்தை பிறந்தது. அந்த அம்மா சாக்லேட் டப்பாவை என் முன்னால் வைத்து, "கத்திட்டேன், மன்சுல வச்சிக்காத" என்றார். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சார் வந்தார். விஷயம் தெரிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு நாள் உட்கார்ந்தார். யார் வருகிறார்கள், நான் என்ன கேட்கிறேன் என்று நோட்டில் எழுதினார். சனிக்கிழமை வந்த பேப்பர்காரரை அவரே திருப்பி அனுப்பினார்.

கடைசி நாள் டீ குடிக்கும்போது சொன்னார். "பத்து வருஷம் போர்டுல இந்தப் பெட்டியைப் போட்டேன்க்கா. ஒரு வருஷம்கூட அந்தப் பெட்டிக்குள்ள யாரும் கல்யாணம் பண்ணிக்கல."

"பரீட்சைக்கு அது போதும்ல சார்."

"ஆமா. நானே ஃபுல் மார்க் போட்டிருக்கேன்."

அப்புறம் மாற்றினார். இப்போது ஆளுக்கு ஒரு எண். அது சாகும் வரை மாறாது. பெயர், இனிஷியல், போன், வீடு எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே எத்தனை வேண்டுமானாலும் சேரும். புதியது வந்தால் பழையது அழியாது. பழைய இனிஷியலும் அப்பா பெயரும் இருந்தால் போதும், ஆள் கிடைப்பாள். மருந்துக் கட்டத்தில் 'இல்லை' தானாக நிற்பதில்லை. 'இன்னும் கேட்கவில்லை' என்று நிற்கிறது. பெண் என்று போட்டால் திரையில் ஒரு கேள்வி வரும். பதில் போடாமல் அடுத்த பக்கம் போகாது. கேள்வியை என்ன வார்த்தையில் எழுதுவது என்று என்னைக் கேட்டார். நான் வழக்கமாகக் கேட்பதைச் சொன்னேன். அப்படியே போட்டார்.

போன மாதம் மருமகளுக்குக் காய்ச்சல். அவள் ஊர் கோவிலம்பாக்கம். தாய்வீட்டில் இருந்தாள். பார்க்கப் போன நான்தான் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் சின்னப் பெண். பெயர் கேட்டாள். மருமகள் என் மகன் இனிஷியலோடு சொன்னாள். எங்கள் கவுண்டரில் இருக்கும் அதே சாஃப்ட்வேர். அந்தப் பெண் திரையைப் பார்த்துப் படித்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது.

"ஸ்கூல் படிக்கறப்ப வந்திருக்கேன்" என்றாள் மருமகள். அந்தப் பெண் பழைய இனிஷியலும் அப்பா பெயரும் கேட்டுத் தட்டினாள். திரையின் மேல் ஓரத்தில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஒரு மாத்திரையின் பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"டாக்டர்கிட்ட இது தானா போயிடும்மா" என்றாள் அந்தப் பெண்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.

"எதுக்கு அத்தை சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. நம்ம டோக்கன் வருதா பாரு."