படத்திற்காகக் காத்திருந்த வீக்கம்

அறுபதுகளில் விழுப்புரத்தில் பல் மருத்துவராகப் பணியாற்றியபோது, தாடைச் சீழ்க்கட்டிகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். கெடாரைச் சேர்ந்த உழவர் ஒருவர், கடைவாய்ப்பல் சீழ்பிடித்துக் கன்னம் வீங்கிய தம் மனைவியை அழைத்து வந்தார். அன்றே கீறிச் சீழை வெளியேற்றியிருக்க வேண்டும். ஆயினும் அவ்வீக்கத்தின் ஒளிப்படம் என் கட்டுரைக்குத் தேவைப்பட்டது; படமெடுப்பவரோ திண்டிவனத்திலிருந்து மறுநாள்தான் வருவார்.

"நாளை படம் எடுத்தபின் கீறலாம்" என்றேன்.

"கல்யாணத்துக்கே படம் புடிக்கலீங்க, வீங்கின மூஞ்சியவா புடிக்கப் போறீங்க?" என்று அவர் சிரித்தார். வாய் திறக்க இயலாத அந்த அம்மாள் அவர் கையைக் கிள்ளினார்.

மறுநாள் படம் தெளிவாக அமைந்தது. அதற்குள் சீழ் தொண்டைக்கு இறங்கிவிட்டது. கீறியும் பயனில்லை, மாலையில் அந்த அம்மாள் மூச்சடைத்து இறந்தார்.

'நோயாளி காலந்தாழ்த்தி வந்தார்' என்று அப்படத்தின்கீழ் எழுதினேன். கட்டுரை பாராட்டப்பெற்றது.

சில மாதங்கள் கழித்து அவ்வுழவர் வந்தார். "அவ மொகம் வேற எதுலயும் இல்லீங்க அய்யா. அந்தப் படத்த ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். வீக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு மறுகன்னத்தையே பார்த்தார். பிறகு என்னைக் கும்பிட்டார். நானும் கைகூப்பினேன். உண்மையை இன்றுதான் எழுதுகிறேன். கேட்பதற்கு அவர் இல்லை.